நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது

பழுதான பொருளைக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் மெக்கானிக்கிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது.” வருத்தத்தில் சொல்வதால் அதை யாரும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பழுதுபார்க்கும் வேலையில் கையில் கிடைக்கும் முதல் தடயம் அதுதான். நேற்று வரை ஓடியது என்றால் அந்தப் பொருளின் வடிவமைப்பில் குறையில்லை. உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான பாகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் ஏதோ ஒன்று, பெரும்பாலும் ஒன்றே ஒன்று, மாறியிருக்கிறது. ஒரு செட்டாப் பாக்ஸை வடிவமைப்பவருக்கு அதற்குள் இருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பழுதுபார்ப்பவருக்கு மாறியது எது என்று தெரிந்தால் போதும். “எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது, நான் எப்படித் தொடுவது?” என்று தயங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பழுதுபார்ப்பதில் பெரும்பகுதி பழுதைத் தேடுவதுதான். தேடுவதற்கு வேண்டியது பொறுமையும் ஒரு முறையும். அந்த முறையை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

எது மாறும், எது மாறாது

மின்பொருட்களை வீழ்த்துபவை நான்கு: சூடு, அசைவு, ஈரம், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம். இவை எல்லாப் பாகங்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. போர்டின் நடுவில் கறுப்பாக, சதுரமாக உட்கார்ந்திருக்கும் சிப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது கெட்டியான பிசினுக்குள் மூடப்பட்ட சிலிக்கான் துண்டு. அதில் தேய்வதற்கு ஒன்றுமில்லை, உலர்வதற்கும் ஒன்றுமில்லை. சேர வேண்டிய மின்சாரம் ஒழுங்காகச் சேர்ந்தால் பல ஆண்டுகள் சலிக்காமல் வேலை செய்யும். மாறுபவை பெரும்பாலும் ஓரங்களில் இருப்பவை: பிளக்கை ஒட்டிய இடத்தில் மடங்கி மடங்கி ரப்பருக்குள்ளேயே அறுந்துபோன ஒயர், தட்டித் தட்டித் தேய்ந்த சுவிட்ச், செருகிச் செருகித் தளர்ந்த பின், பேட்டரிக் கசிவில் அரித்த ஸ்பிரிங், சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி வெடிப்புவிட்ட ஈயப்பற்று, சூடான பாகங்களுக்கு அருகில் நின்று காய்ந்துபோன கண்டன்சர். இவை விலை குறைந்தவை, கண்ணால் பார்த்தோ எளிய மீட்டரால் அளந்தோ கண்டுபிடிக்கக்கூடியவை. வீட்டுப் பொருட்களின் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த ஓரங்களில்தான் நிகழ்கின்றன என்பதால்தான் வீட்டிலிருப்பவரும் துணிந்து தேடலாம் என்கிறோம்.

இவற்றில் கண்டன்சரைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஒரு பொருள் எப்படி வயதாகிறது என்பதை அது ஒன்றே காட்டிவிடும். அடாப்டரிலும் டிவியிலும் செட்டாப் பாக்ஸிலும் சின்ன டப்பாக்கள்போல உருளையாக நிற்பவை அவை. உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு இடையில் ஒரு திரவத்தில் ஊறிய தாளை வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டியிருப்பார்கள். அந்த ஈரம் இருக்கும் வரைதான் கண்டன்சருக்கு உயிர். அதன் மேலுறையில் ‘105 டிகிரி’ என்று அச்சிட்டிருந்தால், அந்தச் சூட்டில் குறைந்தது இத்தனை மணி நேரம் உழைக்கும் என்று தயாரிப்பாளர் ஒரு கணக்குக் கொடுத்திருப்பார். 2000 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சூடு 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. ஆகவே 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம் தாங்கும், அதாவது இரவு பகலாக ஓடினாலும் மூன்றரை ஆண்டுக்கு மேல். அதே கண்டன்சர் 75 டிகிரியில் இருந்தால் 16,000 மணி நேரம்தான். இரண்டு ஆண்டுகூட நிறையாது. செட்டாப் பாக்ஸின் மேல் பூவேலை செய்த துணியை விரித்து, அதன் மேல் ஒரு பொம்மையையும் வைத்தால் அந்தப் பத்து டிகிரி தானாக ஏறிவிடும்.

காய்ந்துகொண்டிருக்கும் கண்டன்சர் பல நேரங்களில் தன் நிலையைக் கண்ணுக்கே காட்டிவிடும். நல்ல கண்டன்சரின் தலை தட்டையாக இருக்கும். அதன் மேல் சிலுவைபோலவோ மூன்று கிளையாகவோ கீறியிருப்பார்கள். உள்ளே வாயு சேர்ந்தால் டப்பா வெடித்துச் சிதறாமல், அந்தக் கீறல் வழியே பிரிவதற்கான ஏற்பாடு அது. தலை உப்பியிருந்தாலோ, கீறலில் பழுப்புக் கசிவு இருந்தாலோ, அடிப்பகுதி ரப்பர் பிதுங்கியிருந்தாலோ அது முடிந்துவிட்டது என்று பொருள். 2000-களின் தொடக்கத்தில் குறையுள்ள திரவம் அடைத்த கண்டன்சர்கள் உலகின் பல பகுதிகளிலும் கணினி மதர்போர்டுகளில் இப்படித்தான் உப்பிப் பிளந்தன. பிராசசரும் மெமரியும் நல்ல நிலையில் இருக்க, சில ரூபாய் பெறும் பாகங்களால் கணினிகள் படுத்தன. விலையுயர்ந்த பொருளின் பழுது விலையுயர்ந்த பாகத்தில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

சுவரிலிருந்து உள்ளே

தேடும் முறை எளிது: மின்சாரம் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகவே நடந்து செல்ல வேண்டும். வைஃபை ரூட்டர் இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரூட்டரைத் திறப்பதற்கு முன் அதே பிளக் பாயிண்டில் மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் சுவர்வரை சரி. அடுத்தது அடாப்டர். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை அடாப்டர் பின்னின் துளைக்குள்ளும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் வையுங்கள். லேபிளில் 12 வோல்ட் என்று இருந்து மீட்டரும் 12-ஐ ஒட்டிக் காட்டினால் நல்லது. பூஜ்யம் காட்டினால் கெட்டது அடாப்டர். ரூட்டர் பெரும்பாலும் நலமாகத்தான் இருக்கும். மீட்டர் 12 காட்டுகிறது, ஆனால் ரூட்டர் விட்டு விட்டு எரிகிறது, தானாக மறுபடி மறுபடி தொடங்குகிறது என்றாலும் சந்தேகம் அடாப்டர் மீதுதான் விழ வேண்டும். சுமை இல்லாதபோது நிமிர்ந்து நிற்கும் மின்னழுத்தம், ரூட்டர் மின்சாரத்தை இழுத்ததும் துவண்டு விழும். கண்டன்சர் காய்ந்த அடாப்டரின் அடையாளம் அது. நல்ல அடாப்டர் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாற்றும்போது லேபிளில் மூன்றைப் பாருங்கள்: வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்ன வட்டப் படம் ஒத்திருக்க வேண்டும். பொருள் தனக்கு வேண்டிய ஆம்பியரை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வோல்ட் அப்படியல்ல, 9 வோல்ட் பொருளுக்கு 12 வோல்ட்டைக் கொடுத்தால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்வி. நல்ல கேள்வி என்பது எந்தப் பதில் வந்தாலும் தேடும் இடத்தைச் சுருக்கித் தருவது. டிவி ரிமோட் இதற்கு நல்ல பயிற்சிக்களம். அதன் முனையில் உள்ள சின்ன பல்பு அகச்சிவப்பு ஒளியை விடுகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது, மொபைல் கேமராவுக்குத் தெரியும். சில மொபைல்களின் பின்பக்கக் கேமராவில் அந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் செல்ஃபி கேமராவில் பார்ப்பது நல்லது. நன்றாக வேலை செய்யும் வேறொரு ரிமோட்டை முதலில் காட்டி, கேமராவுக்குத் தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பழுதான ரிமோட்டின் பட்டன்களை அழுத்துங்கள். எல்லாப் பட்டனுக்கும் ஒளி வந்தால் ரிமோட் சரி, டிவியின் பக்கம்தான் பார்க்க வேண்டும். எந்தப் பட்டனுக்கும் வராவிட்டால் பெரும்பாலும் மின்சாரமே சேரவில்லை. புது பேட்டரி போட்டும் பயனில்லையென்றால் பேட்டரி ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் படிவத்தைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து மினுக்க வேண்டும். சிலவற்றுக்கு வந்து சிலவற்றுக்கு வராவிட்டால் பட்டன்களின் ரப்பர் ஷீட்டில் பிரச்சினை. ரிமோட்டைப் பிரித்தால் ஒவ்வொரு பட்டனின் அடியிலும் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும். அது போர்டின் மேல் அமுங்கும்போதுதான் இணைப்பு உண்டாகிறது. வியர்வையும் எண்ணெயும் கலந்த ஒரு பிசுக்கு அங்கே படலமாகப் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பொட்டுகளையும் போர்டையும் துடைத்து, உலரவிட்டு மூடினால் போதும். ஒரே சோதனை, மூன்று பதில்கள், மூன்று வெவ்வேறு இடங்கள். இதைச் செய்யாமல் புது ரிமோட் வாங்குகிறவர், கோளாறு டிவியின் பக்கம் இருந்தால் காசையும் இழந்து பழுதையும் தீர்க்காமல் நிற்பார்.

காரணத்தையும் அறிகுறியையும் பிரித்தறிவது அடுத்த படி. இதில் அதிகம் ஏமாற்றுவது ப்யூஸ். பிளக்கைப் பிடுங்கி, ப்யூஸைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தால், சற்றே கூடுதலான சுமையிலோ வயதிலோ போயிருக்கலாம். அதே அளவுள்ள புது ப்யூஸ் போட்டு ஒருமுறை முயன்று பார்ப்பதில் தவறில்லை. கண்ணாடியின் உட்புறம் கறுத்தோ, வெள்ளிப்பூச்சு பூசியதுபோலோ இருந்தால், உள்ளே எங்கோ ஷார்ட் ஆகி ஒரே நொடியில் பெரிய மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. அங்கே ப்யூஸ் கெட்டுப்போகவில்லை; தன் கடமையைச் செய்து முடித்திருக்கிறது. புது ப்யூஸ் போட்டால் அதுவும் போகும். ப்யூஸ் நிற்கவில்லை என்று செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பழுதைச் சொல்ல வந்தவரின் வாயை அடைத்துவிட்டு வீட்டுக்கே தீ வைப்பதற்குச் சமம் அது.

ஆபத்து என்ற மறுப்பு

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் முதலாவது, மிக நியாயமானது: மின்சாரம் உயிரைக் குடிக்கும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். பல பொருட்களுக்குள் அது டி.சி.யாக மாற்றப்படும்போது உச்சத்தில் சுமார் 325 வோல்ட்டாக ஒரு பெரிய கண்டன்சரில் சேர்ந்து நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். இந்த மறுப்புக்குப் பதில் தைரியம் அல்ல, எல்லைக்கோடு. மேலே சொன்ன சோதனைகளை மறுபடி பாருங்கள்: வழக்கம்போல் பிளக்கைச் செருகிப் பார்த்ததையும் அடாப்டரின் வெளிமுனையில் 12 வோல்ட்டை அளந்ததையும் தவிர மற்றவை எல்லாம் 230 வோல்ட் மின்தொடர்பு இல்லாத நிலையில் செய்பவை. ஒயர் அறுந்திருக்கிறதா, சுவிட்ச் சேர்கிறதா, ப்யூஸ் உயிரோடு இருக்கிறதா என்பவற்றைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரின் ‘பீப்’ ஒலியை வைத்தே சொல்லிவிடலாம். மூடியைத் திறந்து, மின்தொடர்பில் இருக்கும் போர்டை அளப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. இந்த நூல் அந்தக் கோட்டைத் தாண்டச் சொல்லவில்லை.

சில பொருட்களைத் திறக்கவே கூடாது. மைக்ரோவேவ் அடுப்பின் கண்டன்சரில் நிற்கும் மின்னழுத்தம் 2000 வோல்ட்டைத் தாண்டும். பழைய குண்டு டிவியின் பிக்சர் ட்யூபில் அது 20,000 வோல்ட்டுக்கும் மேல். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும். இந்த மூன்றையும் தொடாமல் விடுவது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, குச்சியால் லேசாகத் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் கண்டன்சர் வலுவிழந்திருக்கும். பழையதன் மேல் அச்சிட்ட அதே அளவில், பல ஃபேன்களில் அது 2.5 மைக்ரோஃபாரட், புதியதை வாங்கி மாட்டலாம். ஆனால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயினையும் இறக்க வேண்டும். சில பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் ஒயரில் கொடுத்திருப்பார்கள். அங்கே சுவிட்சை அணைத்த பிறகும் ஃபேனில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். உலோக உடல் கொண்ட பொருளைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றாலும் பொருளைப் பிரிப்பதற்கு முன் வீட்டின் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீட்டில் குறையற்ற கணினிப் பெட்டியும் சுருக்கென்று கடிக்கும்.

விலை, நிறுவனங்கள், மெக்கானிக்

இரண்டாவது மறுப்பு காசைப் பற்றியது: புதியதே மலிவாகக் கிடைக்கும்போது ஏன் மெனக்கெட வேண்டும்? சில பொருட்களுக்கு இது முழு உண்மை. எல்.இ.டி. பல்பைத் திறந்தால் சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள் வரிசையாக இருக்கும். அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் கறுப்புப் புள்ளி விழுந்தால் அந்தத் தொடரே அணைந்துவிடும். அந்த ஒன்றைத் தாண்டி ஈயம் வைத்துவிட்டால் மீண்டும் எரியும் என்பதும் உண்மை. ஆனால் மிச்சமிருப்பவற்றின் மேல் சுமை ஏறும், பெரும்பாலான பல்புகளின் போர்டு நேரடியாக 230 வோல்ட்டோடு தொடர்புள்ளது, புது பல்பின் விலையோ குறைவு. அதை விட்டுவிடுவதே அறிவு. எல்லாவற்றையும் சரிசெய்தே தீர வேண்டும் என்பது இங்கே வாதமில்லை. எது போனது என்று தெரிந்த பிறகு முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் வாதம். அடாப்டர் போனதற்காக ரூட்டரையும், பிளக்கடியில் ஒயர் அறுந்ததற்காக மிக்ஸியையும் கழித்துக்கட்டும்போது, புதியதன் விலையை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. கழித்த பொருள் போகும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். நம் வீட்டு ரூட்டரும் அந்த மிச்சத்தில் ஒன்றாகவே பெரும்பாலும் சேர்கிறது.

மூன்றாவது மறுப்பு: இன்றைய பொருட்களைத் திறக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள், பாகங்கள் கிடைப்பதில்லை. இது உண்மையான குறை. அதைத் தனி மனிதரின் கைத்திறனால் மட்டும் தீர்க்க முடியாது. அதனால்தான் அரசுகள் தலையிடத் தொடங்கியிருக்கின்றன. இந்தியாவில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாசலும் திறக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்ப்பை ஊக்குவிக்கும் சட்டநெறி ஒன்றையே இயற்றியது. ஆனால் உரிமையைக் கேட்பதற்கும் விவரம் வேண்டும். எந்தப் பாகம் போயிருக்கிறது என்று தெரிந்தவர்தான் “அந்தப் பாகத்தை மட்டும் கொடுங்கள்” என்று கேட்க முடியும். மற்றவர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். பொதுவான கண்டன்சர், சுவிட்ச், ப்யூஸ் போன்றவற்றுக்கு நிறுவனத்தை எதிர்பார்க்கவும் தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், ஊர்ப்புறத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் பலவற்றிலும் கிடைக்கும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வாரண்டிக் காலத்தில் இருக்கும் பொருளின் திருகைத் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் சரிசெய்து தருவது வாரண்டி கொடுத்தவரின் பொறுப்பு.

கடைசி மறுப்பைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை, மனத்தில் வைத்திருக்கிறார்கள்: எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொண்டால் தெருமுனை மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது? உண்மையில் அவருடைய பிழைப்பைக் கெடுப்பது தூக்கியெறியும் பழக்கம்தான். பொருளைச் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கை வீட்டில் இருந்தால்தான் அது அவர் மேசைக்குப் போய்ச் சேரும். “ஓடவில்லை” என்று மட்டும் சொல்லி நீட்டுகிறவரைவிட, “பிளக் பாயிண்ட் சரி, ஒயர் சரி, ப்யூஸ் கறுத்துப் போயிருக்கிறது, இடி இடித்த அன்றிரவுக்குப் பிறகுதான் இப்படி” என்று சொல்கிறவரின் பொருளை அவரால் விரைவாகப் பார்க்க முடியும். நோயாளி தன் உபாதையைத் தெளிவாகச் சொன்னால் மருத்துவருக்கு எவ்வளவு உதவியோ அவ்வளவு உதவி இது. “போர்டையே மாற்ற வேண்டும்” என்று யாராவது சொன்னால், எந்தப் பாகம் போயிருக்கிறது என்று மரியாதையோடு கேட்கும் தெளிவும் உங்களுக்கு இருக்கும். தேர்ந்த மெக்கானிக் அந்தக் கேள்வியை மகிழ்ச்சியோடு வரவேற்பார்.

வேலை எப்போது முடிகிறது

பாகத்தை மாற்றியதும் பொருள் ஓடத் தொடங்கிவிடும். அதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் எது மாறியது என்று கண்டுபிடித்தோம். அது ஏன் மாறியது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. காய்ந்த கண்டன்சரை மாற்றிவிட்டுச் செட்டாப் பாக்ஸை அதே துணிக்கடியில் வைத்தால், புதுக் கண்டன்சரும் பழையதன் கணக்கிலேயே காயும். அறுந்த ஒயரை வெட்டி ஒட்டிவிட்டு, மறுபடியும் மிக்ஸியின் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்தால் அதே இடத்தில் அறும். கசிந்த பேட்டரியைத் துடைத்த ரிமோட்டில் பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போட்டால் மறுபடி கசியும். ஆகவே மூடியைத் திருகுவதற்கு முன் ஒரு சின்ன நோட்டில் மூன்று வரி எழுதி வையுங்கள்: என்ன போனது, எதனால் போனது, அந்தக் காரணத்தை என்ன செய்தோம். மூன்றாவது வரியை எழுத முடியாவிட்டால் பழுது இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறது என்று பொருள். துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, பெட்டியின் காற்றுத்துளைகளில் படிந்த தூசியைப் பிரஷால் தட்டிவிட்டு, மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்த பிறகுதான் அந்தச் செட்டாப் பாக்ஸ் உண்மையில் சரியாகியிருக்கிறது.